பெரியவர் தங்கிய வீடு

என் மாமா கூடாரம் கட்டுகிறவர். கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, புத்தகக் கண்காட்சியோ, எதுவானாலும் கம்பத்தை நட்டு, துணியை ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி நிழல் உண்டாக்குவது அவர் வேலை. மாடி உயரக் கம்பத்தின் உச்சியில் ஒரு காலைப் பின்னிக்கொண்டு, கீழே நிற்பவனிடம் நேற்றுப் பார்த்த படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். காற்று அடித்துக் கம்பம் ஆடினால் அதோடு சேர்ந்து அவரும் ஆடுவார். கதை நிற்காது.

அதே மனிதர், தபால்காரர் வந்து கதவைத் தட்டினால் சமையலறைக்குள் போய்விடுவார். சட்டைப் பையில் பேனா செருகியிருக்கும் யாரைக் கண்டாலும் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். வங்கிக்குப் போகவேண்டுமென்றால் முதல் நாளே சாப்பாடு இறங்காது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இளவயதில் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து கட்டிய ஒரு கூடாரம் காற்றில் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் முதலாளி நடுத்தெருவில் நின்று, "இதுல யார் கை பட்டது?" என்று கேட்டார். எல்லா விரலும் மாமாவைக் காட்டின. மாமா போட்ட முடிச்சு அவிழவில்லை, கம்பம்தான் வளைந்திருந்தது. அதைச் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பயம் பிறகு அவரை விட்டு இறங்கவேயில்லை.

ஊரிலிருந்து கல்லூரிப் படிப்புக்கு வந்த நான் அவர் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருந்தேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான்தான் என்பதை என்னைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அதனால் அவரைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஓட்டுநர் சங்கத்தின் கட்டடம் இருந்தது. அதன் மாடிக் கூடத்தில், சாயங்காலங்களில் மட்டும், தெருப் பிள்ளைகளுக்காக ஒரு இசைப்பள்ளி நடந்தது. நடத்தியது ஒரே ஒரு டீச்சர். பகலில் அந்தக் கூடம் சங்கத்துக்கு வேண்டும். இரவில் வெளியூர் ஓட்டுநர்கள் பாய் விரித்துப் படுப்பார்கள். ஆகவே வகுப்பு முடிந்ததும் ஒரு குச்சியைக்கூட அங்கே விட்டுவைக்க முடியாது.

அதற்கு டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். வீடு வீடாக வந்தார்.

"பணம் கேட்டு வரலைங்க. பணம் குடுக்கிறவங்க ஒரு தடவை குடுப்பாங்க, அப்புறம் என்னைப் பாத்தா தெரு மாறிப் போவாங்க. எனக்கு மூலைதான் வேணும். வகுப்பு முடிஞ்சு மறுநாள் வகுப்பு வரைக்கும் ஒரு வாத்தியத்துக்கு உங்க வீட்ல ஒரு மூலை. அவ்வளவுதான்."

மூலை இல்லாத வீடு உண்டா? தெருவே மாட்டிக்கொண்டது. சலூன்காரரின் கண்ணாடிக்கு மேலே உள்ள பலகையில் வயலின்கள் போய்ப் படுத்தன. இஸ்திரிக் கடை அக்கா, காகிதம் வைத்து வாசிக்கும் தாங்கிகளை மடித்துத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டாள். வேன்காரர் கீபோர்டையும் மத்தளத்தையும் வேனிலேயே வைத்துப் பூட்டினார். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஒற்றை அறையில் அவருக்கே கால் நீட்ட இடமில்லை. "என்கிட்ட மூலை இல்லம்மா, காதுதான் இருக்கு" என்றார். "அதுவும் வேணும், தினம் கொண்டு வாங்க" என்றார் டீச்சர். அன்றிலிருந்து அவர் தினமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, யார் எதை வாசித்து நிறுத்தினாலும் கை தட்டினார். தப்பாக வாசித்தால் இன்னும் இரண்டு தட்டு கூடுதல். பிள்ளைகள் அவருக்குக் கைதட்டித் தாத்தா என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தது செல்லோ. வயலினுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, உட்கார்ந்து வாசிப்பது. பள்ளியில் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கற்றுக்கொண்டது மாமாவின் மகள் தும்பி மட்டும். உடம்பு ஒல்லி, கண் பெரிசு என்பதால் அந்தப் பட்டப்பெயர். கறுப்புப் பைக்குள் போட்டு அவள் அதை முதுகில் சுமந்து தெருவில் வரும்போது, கீழே இரண்டு கால் மட்டும்தான் அவளுடையதாகத் தெரியும்.

"யாரு யாரைத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று சலூன்காரர் கேட்பார். "பெரியவர் நடந்து வர்றாரு, வழி விடுங்கப்பா."

அப்படித்தான் செல்லோ எங்கள் தெருவில் பெரியவர் ஆனது.

மாமாவின் நிம்மதி அன்றோடு போயிற்று. பெரியவரைக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, வெயில் படாத, ஒழுகாத மூலையில் சாய்த்துவைத்தார். அந்தப் பக்கம் யாராவது வேகமாக நடந்தால் "மெதுவா, மெதுவா" என்பார். அத்தை வீடு கூட்டும்போது அந்த மூலையை மட்டும் அவர் தன் கையால் துடைப்பார்.

"என் காய்ச்சலுக்கு நெத்தியில ஒரு ஈரத்துணி போட்டதில்ல இந்த மனுஷன்" என்பாள் அத்தை. "பெரியவருக்கு என்னமா பணிவிடை!"

"உடைஞ்சா யாரைக் கேப்பாங்க? உன்னையா கேப்பாங்க?"

"எதுக்கு உடையப்போகுது? அதுபாட்டுக்கு நிக்குது."

"நின்னதெல்லாம்தானே சாயுது" என்பார் மாமா.

வருடத்துக்கு ஒருமுறை டீச்சர் தெருவை எல்லாம் கூப்பிட்டு வாசித்துக் காட்டும் நாள் ஒன்று உண்டு. மூலை கொடுத்தவர்கள், வண்டி கொடுத்தவர்கள், காது கொடுத்தவர்கள் எல்லாரும் வருவார்கள். சங்கத்துச் செயலாளரும் வருவார். அந்த வருடம் தும்பி முதல்முறையாகக் கச்சேரியில் வாசிக்கப்போகிறாள். அதற்கு முந்தின நாள் மாலை, வகுப்பு முடிந்து பெரியவரை மூலையில் விட்டுவிட்டு, தும்பியும் அத்தையும் அவளுக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனார்கள். நான் நூலகத்தில் இருந்தேன். வானம் இருண்டு கிடந்தது.

கூடாரக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழையோ பனியோ வரும் என்று தெரிந்தால், பொழுது சாய்வதற்குள் போய்க் கயிறுகளை எல்லாம் ஒரு பிடி தளர்த்திவிடுவார்கள். ஈரம் பட்டால் நூல் கயிறு சுருங்கும். இழுத்துக் கட்டியபடியே விட்டால் முளையைப் பிடுங்கிவிடும், இல்லாவிட்டால் துணியைக் கிழித்துவிடும். மாமா அன்றைக்குப் புத்தகக் கண்காட்சித் திடலில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் பையின் ஜிப்பைத் திறந்து பெரியவரைப் பார்த்தார். விறைத்துக்கொண்டு நிற்கும் நான்கு கம்பி. மேலே கழுத்தருகில் நான்கு மர முளை. ஜன்னல் வழியாக ஈரக்காற்று. ராத்திரி முழுக்க இந்தக் கம்பி இழுத்தால் கழுத்து என்ன ஆகும்? நாளைக்கு வாசிக்கவேண்டிய பிள்ளை!

முதல் முளையைத் தொட்டு, சும்மா ஒரு பிடிதான் தளர்த்தினார்.

கயிற்றுக்கு ஒரு பிடி ஒன்றுமே இல்லை. அந்த முளைக்குக் கால் திருகே அதிகம். அது அவர் விரலை விட்டு 'விர்' என்று தானாகச் சுழன்றது. கம்பி தொளதொளவென்று தொங்கியது. பதறிப்போனார். ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுக்கமாக இருந்தால் கூடாரம் கோணிக்கொள்ளும் என்பது அவர் கைக்குத் தெரிந்த பாடம். அந்தக் கை யோசிக்காமல் மற்ற மூன்றையும் தளர்த்தியது. அடுத்த நொடி, கம்பிகளைத் தாங்கி நடுவில் நின்ற மரக் குதிரை 'டக்' என்று சாய்ந்தது. அதைத் தொடர்ந்து, பெரியவரின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று விழுந்து உருண்டது.

"உள்ளுக்குள்ள எலும்பு முறிஞ்ச மாதிரி இருந்துச்சுடா" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

குதிரையை எடுத்து நிறுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. லேசாகச் சாய்த்தால் உள்ளே லொடலொடவென்று சத்தம். ஜிப்பை மூடினார். கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். கடையிலிருந்து வந்த தும்பி புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, "அப்பா, எப்படி?" என்று அவர் முன்னால் நடந்து காட்டினாள். "நல்லா இருக்கும்மா" என்றவர் செருப்பைப் பார்க்கவில்லை என்பதை, அதற்குள் நூலகத்திலிருந்து திரும்பியிருந்த நானே கவனித்தேன். அவர் தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது.

"நாளைக்கு வங்கிக்குப் போகணுமா?" என்று கேட்டாள் அத்தை.

மறுநாள் சாயங்காலம் பெரியவரைத் தும்பியிடம் கொடுக்காமல் மாமாவே தூக்கிவந்தார். நோயாளியைத் தூக்கிவருவதுபோல, மார்போடு அணைத்து, ஒவ்வொரு அடியாக. வழியில் சலூன்காரர், "என்ன, பெரியவருக்கு இன்னைக்கு நடக்க முடியலையா?" என்று கேட்டதற்கு அவர் முகம் வெளிறியதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. கூடத்தில் நாற்காலி போடும்போது என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"நீ படிச்சவன்தானே, ஏதாச்சும் வழி சொல்லு."

"நான் படிக்கிறது பொருளாதாரம் மாமா."

"அதுல மரத்தைப் பத்தி ஒண்ணும் வராதா?"

"வராது. நேரா டீச்சர்கிட்டப் போய்ச் சொல்லிடுங்க. இப்பவே."

"சொன்னா தும்பிய நிறுத்திடுவாங்கடா. இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. இந்த வீட்ல வச்சா உடைஞ்சிடும்னு வேற வீட்டுக்குக் குடுத்துட்டா, அவ எதை வாசிப்பா?"

இருந்தாலும் போனார். டீச்சர் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமி, "டீச்சர், நாற்காலி போதுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். "ஃபேன் போடட்டுமா?" என்று கேட்டார். மூன்றாம் முறை போனபோது டீச்சரே, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? வேர்த்துக் கொட்டுதே, உக்காருங்க" என்று சொல்லி ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார்.

அதற்குள் ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். முன்வரிசையில் செயலாளர், சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தும்பி ஜிப்பை இழுத்தாள்.

தொங்கும் கம்பிகளையும் கழன்று கிடந்த குதிரையையும் பார்த்தபடி உறைந்து நின்றாள். டீச்சர் ஓடிவந்து பெரியவரைச் சாய்த்துப் பார்த்தார். லொடலொட. முதல்வரிசை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்று எழுந்தார் செயலாளர். "இதுல யார் கை பட்டது?"

அந்தக் கேள்வியை அவர் எங்கிருந்து பிடித்தாரோ! எனக்குப் பக்கத்து நாற்காலியில் மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அப்போது தும்பி அழ ஆரம்பித்தாள்.

"நான்தான் சார். முந்தாநாள் மாடிப்படியில இடிச்சிட்டேன். லேசாத்தான் இடிச்சுது. சொன்னா எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. நேத்து வாசிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு…"

செயலாளர் டீச்சரைப் பார்த்தார். "சின்னப் பிள்ளை கையில இவ்வளவு பெரிய சாமானைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். இனிமே இந்தப் பொண்ணுக்குக் குடுக்காதீங்க. அவ்வளவுதான்."

மாமாவுக்கு முன்னால் ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மாடிப்படி மேல் பழி போகும். யாரும் அவரை எதுவும் கேட்கமாட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார்.

"கை என்னுது" என்றார்.

"என்னங்க?" என்றார் செயலாளர்.

"என்னுது சார். கை என்னுது. படி இல்ல, பிள்ளை இல்ல. நான்தான் நேத்து கம்பியைத் தளர்த்தினேன். மழை வருதுன்னு. நாலையும் தளர்த்தினேன். விழுந்துடுச்சு. மூடி வச்சுட்டேன். எழுதிக்குங்க சார், என் பேர்ல எழுதிக்குங்க. பிள்ளையை மட்டும் நிறுத்தாதீங்க."

கூடத்தில் யாரும் அசையவில்லை. மாமா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார், விலங்கு மாட்ட வந்தவர்களிடம் நீட்டுவதுபோல. அந்த அமைதியில், வாசித்து முடித்தார்கள் என்று நினைத்தோ என்னவோ, பின்வரிசையிலிருந்து கைதட்டித் தாத்தா தட்டத் தொடங்கினார். கூடுதலாக இரண்டு தட்டும் தட்டினார்.

"தாத்தா, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" என்றது ஒரு பிள்ளை.

டீச்சர் சிரிக்கவில்லை. பெரியவரின் வயிற்றில் இருந்த துவாரத்தில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். பிறகு மாமாவிடம் வந்தார்.

"உடையலைங்க. உள்ள ஒரு சின்னக் குச்சி நிக்கும். அதை ஒட்டவும் மாட்டாங்க, ஆணியும் அடிக்கமாட்டாங்க. கம்பி இழுக்கிற இழுப்புலதான் குதிரை நிக்கும், குதிரை அழுத்துற அழுத்தத்துலதான் குச்சி நிக்கும். எல்லாத்தையும் ஒண்ணா தளர்த்தினா ரெண்டுமே விழுந்துடும்."

"திரும்ப நிக்குமா?"

"ரிப்பேர்காரர் நிறுத்திடுவார். இன்னைக்கு நடக்காது."

அன்றைக்குக் கச்சேரி பெரியவர் இல்லாமல்தான் நடந்தது. கீழ் சுருதியை எல்லாம் டீச்சர் கீபோர்டில் இடது கையால் வாசித்துச் சமாளித்தார். தும்பி மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் பாகம் வரும்போதெல்லாம் அவர் முழங்கையின் மேல் விரல் வைத்து அழுத்தி அழுத்தி வாசித்தாள். மாமா கல்லாக உட்கார்ந்திருந்தார். போகும்போது செயலாளர், "எங்க கூடத்து ஃபேனை நீங்க மாட்டலையே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மாமா பயந்ததுபோல வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

பெரியவரை வேன்காரர் வெளியூரில் இருக்கும் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். எங்கள் வீட்டு மூலை காலியாகக் கிடந்தது. மாமா அதைத் தினமும் துடைத்தார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து பின்பக்கம் போனார். தும்பி வகுப்புக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

"டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லப்பா."

"சொல்லமாட்டாங்க. இனிமே வேற வீட்டுக்குத்தான்" என்பார் அத்தையிடம்.

ஒரு நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். மாமா சமையலறைக்குள் போனார். நான் திறந்தேன். டீச்சரும், அவருக்குப் பின்னால் வேன்காரர் கையில் பெரியவரும்.

"மூலை காலியா இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

மாமா சமையலறை வாசல் வரைதான் வந்தார். "வேணாம் டீச்சர். என் கை சரியில்ல. இஸ்திரி அக்கா வீட்ல வைங்க. பிள்ளை அங்க போய் எடுத்துக்கும்."

"இஸ்திரி அக்கா வீட்லயா?" டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? என் வாத்தியமெல்லாம் இந்தத் தெருவுல பத்து வீட்ல இருக்கு. பள்ளிக்கூடம் தொடங்கின நாள்ல இருந்து ஒருத்தர்கூட வந்து, இது விழுந்துச்சு, அது கீறுச்சுன்னு சொன்னதில்ல. தாங்கியில ஒண்ணு நொண்டுது. யாரோ நூல் கட்டி வச்சிருக்காங்க. வயலின் உள்ள பவுடர் வாசம் அடிக்குது. கேட்டா எல்லாரும் 'நல்லா இருக்கு டீச்சர், நல்லா இருக்கு டீச்சர்'ங்கிறாங்க. படுத்தா எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பொண்ணு படியில இடிச்சதையே மறைச்சிருக்கா. எல்லாரும் எனக்குப் பயப்படறீங்க, நான் உங்களுக்குப் பயப்படறேன். வாய் திறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதனால பெரியவரை இங்கதான் வைக்கமுடியும்."

வேன்காரர் செருமினார். "டீச்சர்… அந்தக் கீபோர்டுல ஒரு கட்டை அழுத்தினா எழுந்திருக்க மாட்டேங்குது. நான் அன்னைக்குப் பிரேக் போட்டப்ப…"

"பாத்தீங்களா!" என்றார் டீச்சர் மாமாவிடம்.

தும்பி அதற்குள் பெரியவரை வெளியே எடுத்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தாள். ஒவ்வொரு முளையாகத் தொட்டு, கம்பியை மீட்டிக் கேட்டு, துளித்துளியாக முறுக்கினாள். ஒவ்வொரு முறுக்குக்கும் மாமா கண்ணை மூடிக்கொண்டார். வில்லை இழுத்ததும் அந்தச் சின்ன அறை முழுக்க ஒரு தடித்த, கனத்த குரல் எழுந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. மாமா பாய்ந்து போய் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டார்.

நான் பட்டம் வாங்கி அந்த வீட்டைவிட்டு வந்து நாளாகிவிட்டது. போன மாதம் போயிருந்தேன். பெரியவர் அதே மூலையில்தான் இருக்கிறார். வெளியே வானம் கறுத்திருந்தது. திடலில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு வந்த மாமா, ஜன்னலைச் சாத்தினார். பிறகு பெரியவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு.

"இன்னுமா பயம் மாமா?"

"பின்ன?" என்றார், கண்ணை எடுக்காமல். "நீ அந்தப் பக்கம் மெதுவா நட."